மண் இறுகிப்போன கொல்லை: ஆளுக்கொன்று சொல்லும்போது எதைக் கேட்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் 3 ஏக்கர் செம்மண் கொல்லை, கிணற்றுப் பாசனம். மல்லாட்டையும் (நிலக்கடலை) கொஞ்சம் நெல்லும் வைக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக ரோட்டவேட்டர்தான் ஓடுகிறது. இப்போது மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது, இரண்டு நாள் வெயிலில் மேல் மண் ஓடு கட்டிக்கொள்கிறது, முளைப்பும் குறைந்துவிட்டது. நான்கைந்து விவசாயிகள் கூட்டத்துக்குப் போய்வந்திருக்கிறீர்கள். உழவே கூடாது என்கிறார் ஒருவர், ஜீவாமிர்தம் ஒன்றே போதும் என்கிறார் இன்னொருவர். பலதானியம் விதைத்து மடக்கி உழு என்றும், மூடாக்குப் போடு என்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது, மண் திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும் என்பது உங்கள் கேள்வி.

எனக்கும் செஞ்சிப் பக்கம் செம்மண் நிலம்தான். நீங்கள் சொன்ன நால்வரையும் போன்றவர்களிடம் நானும் கேட்டிருக்கிறேன். யாரும் பொய் சொல்லவில்லை. தன் நிலத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள். அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதைத்தான் சொல்ல விட்டுவிடுகிறார்கள். பத்து மாடு உள்ளவரும், ஆற்றோர வண்டல் உள்ளவரும், வருஷம் முழுக்கத் தண்ணீர் உள்ள தென்னந்தோப்புக்காரரும் சொல்வது உங்கள் கொல்லைக்கு அப்படியே பொருந்தாது. அதனால் அவர்களிடம் மறுபடி போவதற்கு முன்னால் உங்கள் மண்ணையே மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள். செலவு கிடையாது.

முதலாவது, கட்டிச் சோதனை. கொல்லையில் இருந்து கட்டைவிரல் அளவு மண்கட்டி ஒன்று, ஏர் படாத வேலியோரத்தில் இருந்து அதே அளவு கட்டி ஒன்று எடுத்து நிழலில் நன்றாகக் காயவையுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, டீ வடிகட்டியில் கட்டியை வைத்து மெல்ல முக்குங்கள். வேலியோரக் கட்டி ஐந்து நிமிடம் ஆனாலும் பெரும்பாலும் உருவம் கலையாமல் இருக்கும். கொல்லைக் கட்டி அரை நிமிடத்தில் கரைந்து சேறாக அடியில் படிந்தால், உங்கள் நோய் என்ன என்று கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இரண்டாவது, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு இரும்புக் கம்பியைக் கையால் அழுத்தி மண்ணில் இறக்குங்கள். ஐந்தாறு அங்குலத்தில் ‘டக்’கென்று நின்றுவிட்டால் அடியில் கெட்டித்தளம் இருக்கிறது. பத்து இடத்தில் பாருங்கள். கல் தட்டுவதைத் தளம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாவது, 6 அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு வெட்டி, பாதியை மண்ணில் இறக்கி, 450 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அது ஏறத்தாழ ஒரு அங்குல மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றியது இறங்கிய பிறகு மறுபடி அதே அளவு ஊற்றி, இரண்டாவது முறை எத்தனை நிமிடத்தில் வற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் எடுக்கும் அந்த இரண்டாவது கணக்குதான் ஒன்றோடொன்று ஒப்பிட உதவும்.

இந்த மூன்றையும் முன்வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டர் தண்ணீர். உங்கள் கொல்லையில் ஓடிப்போவது அதுதான். போகும்போது மேல் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. இது உரத்தால் தீர்கிற பிரச்சினை இல்லை. மண் துகள்களை உருண்டை உருண்டையாகச் சேர்த்துப் பிடித்திருப்பது வேரில் இருந்து கசியும் பசையும், பூஞ்சண இழைகளும், மண்புழு எச்சமும். ரோட்டவேட்டர் வேகமாகச் சுழன்று அந்த உருண்டைகளை மாவாக்குகிறது. அதே ஆழத்திலேயே திரும்பத் திரும்ப ஓடுவதால் கத்திக்குக் கீழே உள்ள மண் அழுந்தித் தளமாகிறது. பிறகு விழும் மழைத்துளி மாவு மண்ணைச் சிதறடிக்கிறது. நுண்ணிய துகள்கள் துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. காய்ந்ததும் அது ஓடு.

அப்படியானால் உழவே கூடாது என்பவர் சொல்வது சரிதானே என்று தோன்றும். பாதி சரி. உழாமல் விதைக்கும் முறையைப் பெரிய அளவில் செய்துகாட்டியது தென் அமெரிக்கா. பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி 1972இல் ஆரம்பித்தார். கனமழையில் தன் மண் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் அவர் அதில் இறங்கினார். ஆனால் அங்கே உழாத நிலத்தின் மேல் முந்தைய பயிரின் தாள் கனமாக மூடிக் கிடக்கும், களைக்குப் பெரும்பாலும் களைக்கொல்லி அடிப்பார்கள். மேலே மூடாக்கு இல்லாமல், சத்து வற்றிய செம்மண்ணை முதல் வருஷமே உழாமல் விட்டால் அது செங்கல் மாதிரி இறுகும். மேலும் உங்களுடையது மல்லாட்டை. காய் பிடிக்கப் பூவின் விழுது மண்ணில் இறங்க வேண்டும், அறுவடைக்கு மண்ணைக் கிளற வேண்டும். உழவை ஒரேயடியாக நிறுத்த உங்களால் முடியாது. ரோட்டவேட்டரை நிறுத்த முடியும். அதை இன்றே செய்யுங்கள். கம்பிச் சோதனையில் தளம் தெரிந்தால், மண் காய்ந்திருக்கும் கோடையில் ஒரே ஒரு முறை உளிக்கலப்பை (ஆழமாகக் கீறும் டிராக்டர் கலப்பை) போட்டு உடைத்துவிட்டு, அதற்கப்புறம் ஒன்பது கொத்துக் கலப்பையோடு, அதுவும் சரிவுக்குக் குறுக்கே, நிறுத்திக்கொள்ளுங்கள். உடைத்த கையோடு அந்த விரிசலில் வேர் இறங்கவில்லை என்றால் ஓரிரு வருஷத்தில் தளம் பழையபடி கூடிக்கொள்ளும். நான் முதல் தடவை உளிக்கலப்பை போட்டுவிட்டு நிலத்தைச் சும்மா விட்டேன். அந்தக் கூலி முழுக்க வீண்.

ஜீவாமிர்தத்தைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கணக்கு வேண்டும். மகாராஷ்டிரத்து இயற்கை விவசாயி சுபாஷ் பாலேக்கர் பரப்பிய அந்தக் கலவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு பிடி வரப்பு மண். இவை அத்தனையிலும் சேர்த்து இருக்கும் தழைச்சத்து கால் கிலோவைத் தாண்டாது. 2 டன் நெல் விளைய பயிர் எடுக்கும் தழைச்சத்து 35-40 கிலோ. ஆகவே ஜீவாமிர்தம் பயிருக்குச் சாப்பாடு கிடையாது. அது நுண்ணுயிர்களைக் கிளப்பிவிடும் உறைமோர் என்றுதான் அதை நம்புகிறவர்களும் சொல்கிறார்கள். சரி, உறைமோர் ஊற்றப் பால் வேண்டும் அல்லவா? மட்கும் பொருள் இல்லாத மண்ணில் ஊற்றினால் அந்த உயிர்களுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. நான் இன்றும் ஊற்றுகிறேன், ஆனால் தழையும் எருவும் போட்ட இடத்தில் மட்டும். இதே கணக்கைக் கடையில் விற்கும் எந்த ‘மண்வள’ டப்பாவுக்கும் போட்டுப் பாருங்கள். லிட்டருக்குப் பல நூறு கொடுத்து ஒரு வருஷம் வாங்கி ஊற்றியவன் நான். ஊற்றிய பாத்திக்கும் ஊற்றாத பாத்திக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என் அனுபவத்தில் உங்கள் நிலத்துக்கு முதலில் வேண்டியது பலதானியம். இந்த முறையை மகாராஷ்டிரத்தின் தபோல்கர் பெயரோடு சேர்த்துத்தான் நம் ஊரில் சொல்வார்கள். ஸ்ரீபாத் தபோல்கர் கோலாப்பூரில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். ‘பிரயோக் பரிவார்’ என்று ஒரு வட்டம் அமைத்து, விவசாயிகள் தங்கள் நிலத்தில் செய்த சோதனைகளைத் தாங்களே எழுதி, கூடிப் பேசிப் பகிர வைத்தார். பட்டம் படிக்காத திராட்சை விவசாயிகள் இலையின் பரப்பையும் வேரின் வளர்ச்சியையும் அளந்து பேசினார்கள். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து செய்ததும் இதற்கு நெருங்கிய வேலைதான். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து வேலையை 1969இல் விட்டவர், 2013 டிசம்பரில் மறையும்வரை மரத்தடியிலும் வரப்பிலும் உட்கார்ந்து விவசாயிகளையே பேசவைத்தார்.

செய்முறை இதுதான். சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையில் ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ வரை கலந்த விதையை விதைத்துவிடுங்கள். சோளம், கம்பு போன்ற தானியம், காராமணி, கொள்ளு, பச்சைப்பயறு போன்ற பயறு, எள், ஆமணக்கு போன்ற எண்ணெய்வித்து, சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள், கையில் இருந்தால் கொஞ்சம் மல்லி, கடுகு, வெந்தயம். இத்தனை வகை எதற்கு? சோளத்தின் சல்லிவேர் மேல் மண்ணைப் பின்னிப் பிடிக்கும், ஆமணக்கும் சணப்பும் ஆழமாக ஆணிவேர் விடும், பயறு வகை காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். உளிக்கலப்பை திறந்த விரிசலில் இறங்க வேண்டிய வேர் இவைதான். கலவைப் பொட்டலமாக விற்பதை வாங்காதீர்கள், விலை இரட்டிப்பாக இருக்கும். வீட்டில் வண்டு விழுந்து ஒதுக்கிய பயறில் முளைப்புத் திறன் பார்த்து எடுத்தாலே பாதி தேறும். 45-50 நாளில், பூ எடுக்கும் நேரத்தில் மடக்கி உழுங்கள். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டால் தண்டு நாராகிவிடும், மட்க நாளாகும். மடக்கிய பிறகு பத்துப் பதினைந்து நாள் ஈரம் இருக்க வேண்டும். மழை இல்லையென்றால் கிணற்றில் இருந்து ஒரு தண்ணீர் விடுங்கள். ஆடிப்பட்டத்து மல்லாட்டைக்கு நாள் சரியாக இருக்கும்.

இதில் யாரும் கூட்டத்தில் சொல்லாத சங்கடம் ஒன்று உண்டு. கோடையில் ஊர் மாடு, ஆடு எல்லாம் அவிழ்த்துவிட்டிருப்பார்கள். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது உங்கள் கொல்லை மட்டும் பச்சையாக இருந்தால் என்ன ஆகும்? என் பலதானியத்தில் முதல் வருஷம் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அடுத்த வருஷம் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன். மூன்று பேரும் ஒரே சமயத்தில் விதைத்து முறைவைத்துக் காவல் இருந்தோம். இப்படி ஒரு காரியத்துக்காகச் சேர்ந்ததில்தான் எங்களுக்குள் மண்ணைப் பற்றிய பேச்சே ஆரம்பித்தது.

மூடாக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் எதைப் போடுவது? வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் மாட்டுக்கு வேண்டும். செம்மண்ணில் காய்ந்த மூடாக்குக்குக் கரையான் வேறு வரும். 3 ஏக்கருக்கும் மூடாக்கு என்று நினைத்தால் மலைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். வரப்பு முழுக்க கிளைரிசிடியா என்ற தழை மரத்தின் போத்து (வெட்டிய குச்சி) நடுங்கள். இரண்டாவது வருஷத்தில் இருந்து வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்கலாம். நொச்சி, எருக்கு, ஆவாரை, வேம்பு எல்லாம் உங்கள் பக்கம் சும்மா கிடைப்பவை. காய்ந்த கரும்புத் தோகையையோ பச்சைத் தென்னை நார்க்கழிவையோ மண்ணுக்குள் போட்டு உழுதுவிடாதீர்கள். அவற்றில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அவற்றை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். தோகையை உள்ளே தள்ளி உழுது, கேழ்வரகு மஞ்சளாக நின்றதை நானே பார்த்திருக்கிறேன். மேலே பரப்பினால் இந்தத் தொந்தரவு இல்லை. எப்படியானாலும் தாளைக் கொளுத்தாதீர்கள். சாம்பலில் சாம்பல்சத்து மிஞ்சும், தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும்.

ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று பெரியவர்கள் சொன்னதில் நல்ல விவரம் இருக்கிறது. ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் சத்து விடும், மாட்டு எரு மெதுவாக. அறுவடை முடிந்து நிலம் சும்மா இருக்கும்போது, ஆட்டுக்காரரிடம் இரவில் ஆடுகளை அங்கே அடைத்துப் பட்டி போடச் சொல்லிக் கேளுங்கள். இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினால் புழுக்கையும் மூத்திரமும் பரவலாக விழும், எருவைச் சுமந்து இறைக்கும் கூலி மிச்சம். உங்கள் ஊர் ஏரியில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி கிடைக்குமா என்றும் பாருங்கள். மணல் கலந்த செம்மண்ணுக்கு வண்டலில் இருக்கும் களித்துகள் ஈரம் பிடிக்கும். மேலாகப் பரப்பிக் காயவிட்டு, உடைத்து, எருவோடு சேர்த்துக் கலக்குங்கள்.

இனி எத்தனை வருஷம் என்ற கேள்வி. ஒரு ஏக்கரின் மேல் மண், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சுமார் 9 லட்சம் கிலோ எடை. அதில் அங்ககக் கரிமம், அதாவது மட்கிய பொருளில் இருக்கும் கரிமம், 0.1 சதவீதம் கூட வேண்டுமானால் 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். நன்றாக வளர்ந்த பலதானியம் ஏக்கருக்கு 6-8 டன் பச்சைத் தழை தரும் என்று வையுங்கள். காய்ந்தால் அது ஒன்றேகால், ஒன்றரை டன். அதில் கரிமம் 600 கிலோ வரும். நம் வெயிலில் பெரும்பகுதி மட்கிக் காற்றில் போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு தங்கினாலே நல்லது. அதாவது 120 கிலோ. வேரும் வருஷத்துக்கு 5 டன் தொழுவுரமும் சேர்ந்தால் 250, 300 கிலோ என்று வைக்கலாம். ஏற்கெனவே மண்ணில் இருப்பதும் கொஞ்சம் கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே 0.1 சதவீதத்துக்கு மூன்று நான்கு வருஷம். மண் பரிசோதனையில் 0.5க்குக் கீழ் என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் அதிகம் என்று போடுவார்கள். உங்கள் மண் இப்போது 0.3 என்றால் 0.5ஐத் தொட ஏழெட்டு வருஷம் ஆகும். ஒரே வருஷத்தில் கரிமம் இரண்டு மடங்கு ஆனது என்று யாராவது சொன்னால், இரண்டு முறையும் மண்ணை ஒரே மாதிரி எடுத்தாரா என்று கேளுங்கள். நீங்களும் வருஷா வருஷம் ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, அதே மாதத்தில், அதே ஆய்வகத்தில், பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து கொடுங்கள்.

இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. கரிமக் கணக்கு நகர்வதற்கு வெகு முன்பே கட்டிச் சோதனையும் குழாய்ச் சோதனையும் மாறத் தொடங்கும். எனக்கு மூன்றாவது பட்டத்தில் கட்டி கரைய இரண்டு நிமிடம் ஆனது. முதலில் பார்த்தபோது அது இருபது விநாடி. ஐப்பசி மழையில் மண்வெட்டியால் ஒரு அடிக் குழி எடுத்தால் நாலைந்து மண்புழு தென்பட்டது. அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

அதுவரை ரசாயன உரத்தை என்ன செய்வது? ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். 2021 ஏப்ரலில் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடைசெய்து, நெல்லும் தேயிலையும் அடிபட்டு, நவம்பரிலேயே அந்தத் தடையைத் தளர்த்த வேண்டிவந்தது. இயற்கை உரத்தின் மேல் இதற்குப் பழி போட முடியாது. மண் தயாராகும் முன்பே, மாற்று எருவும் இல்லாமல், பயிரைப் பட்டினி போட்டதன் விளைவு அது. சிறு விவசாயிக்கு ஒரு பட்டம் போனாலே கடன்தான். யூரியாவைக் கால் பங்கு குறைத்துப் பாருங்கள். பயிர் தாங்கினால் அடுத்த பட்டத்தில் இன்னும் கால் பங்கு.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். ஒருவர் ஒரு முறையைச் சொன்னால், மண் என்ன, தண்ணீர் எத்தனை மாதம், மாடு எத்தனை, எத்தனை வருஷமாகச் செய்கிறார், செய்யாமல் விட்ட இடம் ஒன்று வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்று சொல்பவர் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போகலாம். ஆந்திராவில் 2016 முதல் நடக்கும் இயற்கை விவசாயத் திட்டத்தில், தன் நிலத்தில் செய்து காட்டிய விவசாயியைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புகிறார்கள். மத்திய அமெரிக்காவில் ‘விவசாயியிடமிருந்து விவசாயிக்கு’ என்றே ஒரு இயக்கம் உண்டு. 1998இல் மிட்ச் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, நிகராகுவா, ஹோண்டுராஸ், குவாத்தமாலா விவசாயிகள் கையில் அளவுகோலோடு இறங்கி, மண் பாதுகாப்பு செய்த வயலையும் அதற்குப் பக்கத்தில் செய்யாத வயலையும் ஜோடி ஜோடியாக அளந்தார்கள். ஏறத்தாழ 1,800 வயல்கள். செய்த வயல்களில் மேல் மண் அதிகம் மிஞ்சியிருந்தது, ஈரமும் கூடுதலாக இருந்தது. பக்கத்து வயல் என்பதால் அதே மழை, அதே சரிவு. யாரும் மறுத்துப் பேச இடமில்லை.

அதனால் 3 ஏக்கரிலும் இறங்காதீர்கள். கிணற்றுக்குப் பக்கத்தில், போகவர உங்கள் கண்ணில் படும் அரை ஏக்கரை எடுங்கள். அதன் நடுவே பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டையைப் பழைய முறையிலேயே விடுங்கள், நான்கு மூலையிலும் கல் நட்டு வையுங்கள். அந்தப் பட்டையை எக்காரணம் கொண்டும் ‘பாவம்’ என்று திருத்திவிடாதீர்கள். நான் ஒரு வருஷம் அப்படித் திருத்தி, எதனால் விளைந்தது என்றே தெரியாமல் போனது. ஒரு நோட்டில் மழை பெய்த நாள், தண்ணீர் விட்ட நாள், குழாய்ச் சோதனையின் நிமிடம், மல்லாட்டை எத்தனை மூட்டை, செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். வரப்பை ஒரு அடி உயர்த்துங்கள், கிளைரிசிடியா போத்து நடுங்கள், கோடை மழைக்கு முன்பே விதையைக் கலந்து தயாராக வைத்திருங்கள். மழை இரண்டு நாள் முந்தி வந்தால் விதை தேடி அலைவதிலேயே ஈரம் போய்விடும்.

கட்டிச் சோதனையை இந்த வாரமே செய்துவிட்டு, எத்தனை விநாடியில் கரைந்தது என்று எனக்கு எழுதுங்கள். வேலியோரக் கட்டிக்கும் கொல்லைக் கட்டிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால், உளிக்கலப்பை வேண்டுமா, எருவோடு ஆரம்பித்தால் போதுமா என்று அடுத்ததைப் பேசலாம்.